காலேஜ் டீமோட வெளிநாட்டு மிஷன் ட்ரிப்: முதல் தடவை கூட்டிட்டுப் போறவங்களுக்கு பேப்பர், பணம், நேரம் பத்தின வழிகாட்டி

எங்க காலேஜ் ஃபுட்பால் டீம் வெளிநாட்டுல பிள்ளைங்களுக்கு பயிற்சி கொடுக்க மிஷன் ட்ரிப், அதாவது கிறிஸ்தவ ஊழியப் பயணம் போனப்ப பேப்பர் வேலை, பணம், டிக்கெட் எல்லாம் என் பொறுப்பா வந்துச்சு. ஜெபிக்க ஆள் இருந்தாங்க, பயிற்சிக்கு ஆள் இருந்தாங்க, எந்த பேப்பரை எப்ப எடுக்கணும்னு சொல்லித்தரத்தான் ஒருத்தரும் இல்ல. கிளம்பற அன்னிக்கு 18 பேர்ல ஒரு பையன் ஏர்போர்ட் கவுன்ட்டர்லருந்தே வீட்டுக்குத் திரும்பிப் போனான். அவன் பாஸ்போர்ட் முடிய இன்னும் 4 மாசம்தான் இருந்துச்சு, நாங்க போன நாடு 6 மாசம் கேக்கும், நான் அதைப் பாக்கல. அவன் ஒரு வருஷமா பார்ட் டைம் வேலை பாத்து சேர்த்த காசு, அவங்க சபையில பெரியவங்க கொடுத்த காணிக்கை எல்லாம் அந்த டிக்கெட்லதான் இருந்துச்சு. அவன் பையைத் தூக்கிட்டு திரும்பி நடந்தது இன்னும் என் கண்ணுல நிக்குது. அடுத்த தடவை போறப்ப ஒவ்வொண்ணையும் நோட்டு போட்டு எழுதி வெச்சேன், அதைத்தான் இங்க வரிசையா சொல்றேன். நான் சொல்றது ஃபுட்பாலை வெச்சு, ஆனா பாஸ்கெட்பால், வாலிபால், கிரிக்கெட் எதுவா இருந்தாலும் பேப்பர் வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

1. முதல்ல அங்கருந்து கூப்பிடறாங்களான்னு பாருங்க (10 மாசம் முன்னாடி)

எந்த நாட்டுக்குப் போலாம்னு மேப்பைத் திறந்து வெச்சுட்டு யோசிக்காதீங்க. யாரு நம்மளைக் கூப்பிடறாங்க, அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க. அந்த ஊர்ல வருஷம் முழுக்க பிள்ளைங்களோட இருக்கற ஒரு சபையோ பள்ளிக்கூடமோ கோச்சோ இருக்கணும், நீங்க போற 10 நாள் அவங்க வேலைக்குள்ள போய் உக்காரணும். நீங்க திரும்பி வந்த மறுநாள் அந்த பிள்ளைங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் இல்லன்னா அந்த இடம் வேண்டாம்.

காலேஜ் டீம்களை வெளிநாட்டுக்கு அனுப்பி வைக்கற கிறிஸ்தவ விளையாட்டு ஊழிய அமைப்புகள் இருக்கு. அத்லெட்ஸ் இன் ஆக்‌ஷன், ஃபெல்லோஷிப் ஆஃப் கிறிஸ்டியன் அத்லெட்ஸ் மாதிரி பெரிய அமைப்புகளோட பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. முதல் தடவைன்னா இப்படி ஒரு அமைப்பு மூலமா போறது நல்லதுன்னு நான் நினைக்கறேன், தலைக்கு செலவு கொஞ்சம் கூடும், ஆனா அங்க வண்டி, தங்க இடம், மொழிபெயர்ப்பாளர், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. எந்த அமைப்பா இருந்தாலும் மூணு கேள்வி எழுத்துல கேட்டு பதில் வாங்குங்க. நாங்க கட்டற பணத்துல எவ்வளவு அந்த ஊருக்குப் போகுது, ட்ரிப் கேன்சல் ஆனா எவ்வளவு திரும்பி வரும், பிள்ளைங்க பாதுகாப்புக்கு உங்ககிட்ட எழுதின விதிமுறை இருக்கா. மூணாவதுக்கு பதில் வரலன்னா வேற இடம் பாருங்க.

அனாதை இல்லத்துல போய் பயிற்சி கொடுக்கலாம்னு யாராவது ஆசையா சொல்லுவாங்க, எங்ககிட்டயும் சொன்னாங்க. வேண்டாம். அப்படிப்பட்ட இல்லங்கள்ல இருக்கற பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடதான் இருக்காங்க, வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்து காசு கொடுக்கறதாலயே சில இடங்கள்ல பிள்ளைங்களைக் குடும்பத்துலருந்து பிரிச்சுக் கொண்டுவந்து வைக்கறாங்க. ஒரு வாரம் ஒட்டிக்கிட்டு அப்புறம் விட்டுட்டு வர்றதும் அந்த பிள்ளைக்கு நல்லதில்ல. குடும்பத்தோட இருக்கற பிள்ளைங்க சாயங்காலம் வந்து விளையாடிட்டு வீட்டுக்குப் போற மாதிரி இடம் தேடுங்க.

2. விசாவுல உண்மையை எழுதுங்க (8 மாசம் முன்னாடி விசாரிக்கணும்)

இதுதான் இந்த கட்டுரையில முக்கியமான இடம், நிதானமா படிங்க. “டூரிஸ்ட் விசா எடுத்துக்கோங்க, யாரும் கேக்க மாட்டாங்க”ன்னு உங்களுக்கு அனுபவசாலிகளே சொல்லுவாங்க, எங்களுக்கும் ஒருத்தர் சொன்னார், நாங்களும் கிட்டத்தட்ட கேட்டுட்டோம். டூரிஸ்ட் விசாவுல சம்பளம் வாங்காத பயிற்சி வேலை கூட சில நாடுகள்ல கூடாது, மத சம்பந்தமான வேலைக்குத் தனி விசா வேணும்னு சொல்ற நாடுகளும் இருக்கு. இந்தியாவையே எடுத்துக்கோங்க, அங்க வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு மிஷனரி விசான்னு ஒரு தனி வகையே இருக்கு. நேபாளத்துல 2017-ல வந்த குற்றவியல் சட்டப்படி ஒருத்தரை மதம் மாத்தினா 5 வருஷம் வரைக்கும் சிறை, 50,000 நேபாள ரூபாய் வரைக்கும் அபராதம், வெளிநாட்டுக்காரரா இருந்தா தண்டனை முடிஞ்சு 7 நாளைக்குள்ள நாட்டை விட்டு அனுப்பணும்னும் அதுலயே இருக்கு. பிடிபட்டா நீங்க ஃப்ளைட் ஏறி வந்துடலாம், அங்கயே இருக்கப் போற போதகரும் கோச்சும்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கணும். நம்ம சாட்சிக்காக, அதாவது நம்ம விசுவாசத்தை நாலு பேருக்குச் சொல்றதுக்காக, வேற ஒரு குடும்பம் கஷ்டப்படறதை ஊழியம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

அதனால செய்ய வேண்டியது இது. அந்த நாட்டு எம்பசிக்கு ஈமெயில் அனுப்புங்க, போன்ல கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, எழுத்துல வாங்கினா கையில ஒரு பிடி இருக்கும். ஈமெயில்ல இத்தனை பேர், இத்தனை நாள், காலையில பிள்ளைங்களுக்கு ஃபுட்பால் பயிற்சி, சம்பளம் கிடையாது, கூப்பிடறது ஒரு திருச்சபை, சாயங்காலம் ஆராதனையில கலந்துக்குவோம், இதுக்கு எந்த விசான்னு நேரா கேளுங்க. பயிற்சி மட்டும்தான் அனுமதின்னு பதில் வந்தா பயிற்சி மட்டும் கொடுத்துட்டு வாங்க. நல்லா பந்து சொல்லிக்கொடுத்து, பிள்ளைங்களை மரியாதையா நடத்தி, தோத்த டீமோட கைகுலுக்கிட்டு வர்றதும் ஊழியம்தான்.

விசாவுக்கு சாதாரணமா கேக்கறது: பாஸ்போர்ட், போட்டோ, கூப்பிடற இடத்துலருந்து லெட்டர், அவங்க பதிவுச் சான்றிதழ் காப்பி, காலேஜ் லெட்டர், பேங்க் ஸ்டேட்மென்ட், போக வர டிக்கெட் புக்கிங், தங்கற இடத்தோட விலாசம், இன்சூரன்ஸ். கூப்பிடற லெட்டர்ல எல்லாரோட பேரும் பாஸ்போர்ட் நம்பரும் தேதியும் இருக்கணும், கையெழுத்தும் முத்திரையும் இருக்கணும். எங்களுக்கு முதல்ல வந்த லெட்டர்ல “காலேஜ் டீம்”னு மட்டும் போட்டு பேரே இல்லாம வந்து, திருப்பி அனுப்பி வாங்கறதுக்குள்ள 3 வாரம் போச்சு. ஐரோப்பாவுல ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவுல போய் வர்ற நாடுகள்) போறதா இருந்தா பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியிலருந்து மனு கொடுக்கலாம், கடைசி 15 நாளுக்குள்ள கொடுக்க முடியாது, இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும். கோடை லீவு சமயத்துல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே கஷ்டம், அதனால 18 பேருக்கும் ஒரே நாள்ல கிடைக்கும்னு நம்பாதீங்க.

இன்னொரு வலை இருக்கு. டீம்ல எல்லாரும் ஒரே நாட்டு பாஸ்போர்ட் வெச்சிருப்பாங்கன்னு நினைச்சுடாதீங்க. கேப்டனுக்கு விசாவே வேண்டாம்னு இருக்கும், அவன் பக்கத்துல ஆடறவனுக்கு ரெண்டு மாசம் ஆகும். வெளிநாட்டு மாணவர்கள் இருந்தா போறதுக்கு மட்டுமில்ல, திரும்பி காலேஜுக்கு வர்றதுக்கும் அனுமதி இருக்கான்னு பாக்கணும். உதாரணமா அமெரிக்காவுல எஃப்-1ங்கற மாணவர் விசாவுல படிக்கறவங்க வெளிய போய் வரணும்னா காலேஜ் கொடுக்கற ஐ-20ங்கற பேப்பர்ல காலேஜ் அதிகாரியோட பயணக் கையெழுத்து வேணும், விசா ஸ்டாம்ப் தேதியும் செல்லுபடியாகணும். இதை மறந்து போய் நடுவுல மாட்டிக்கிட்டா ஒரு செமஸ்டரே போயிடும்.

3. பாஸ்போர்ட்டை நீங்களே கையில வாங்கிப் பாருங்க (9 மாசம் முன்னாடி)

“எல்லாருக்கும் பாஸ்போர்ட் இருக்கா”ன்னு குரூப்ல கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நான் பண்ணின தப்பு அதுதான். ஒவ்வொருத்தர்கிட்டயும் கையில வாங்கிப் பாருங்க. திரும்பி வர்ற தேதியிலருந்து 6 மாசமாவது செல்லுபடியாகணும், காலியா 2 பக்கமாவது இருக்கணும், கிழிசலோ தண்ணி பட்ட கறையோ இருக்கக்கூடாது. பேர் டிக்கெட்லயும் விசாவுலயும் எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி இருக்கணும். பாஸ்போர்ட்ல ஒரே ஒரு பேர் மட்டும் இருந்து குடும்பப் பேர் கட்டம் காலியா இருக்கறவங்களுக்கு இது பெரிய தலைவலி. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பர்லருந்து அப்படி ஒத்தைப் பேர் இருக்கறவங்களை டூரிஸ்ட், விசிட் விசாவுல உள்ள விடறதில்ல. அப்படி யாராவது டீம்ல இருந்தா முதல் வேலையா அதைச் சரி பண்ணச் சொல்லுங்க.

எல்லாரோட பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி வெச்சுக்கோங்க, ஒரு செட் பிரின்ட் எடுத்து உங்க கைப்பையில, ஒரு செட் கூட வர்ற இன்னொரு பொறுப்பாளர்கிட்ட. பாஸ்போர்ட் எல்லாத்தையும் மொத்தமா ஒரே பையில போட்டு நானே வெச்சுக்கறேன்னு சொல்லாதீங்க, அந்த ஒரு பை தொலைஞ்சா டீமே தொலைஞ்ச மாதிரி.

4. காலேஜ், வீடு, விளையாட்டு சங்கம்

பரீட்சை அட்டவணை வந்தப்புறம் தேதி போடுங்க. காலேஜ்கிட்ட வாயால அனுமதி வாங்காதீங்க, லெட்டர் ஹெட்ல வாங்குங்க, அதுல இது காலேஜோட அதிகாரபூர்வ பயணமா இல்ல மாணவர்கள் சொந்தமா போறதான்னு தெளிவா இருக்கணும், ஏன்னா காலேஜ் இன்சூரன்ஸ் அதை வெச்சுத்தான் செல்லும் செல்லாது. முதல் வருஷப் பசங்கள்ல 18 வயசு ஆகாதவங்க இருப்பாங்க, அவங்களுக்கு அப்பா அம்மா ரெண்டு பேர் கையெழுத்தோட நோட்டரி லெட்டர் வேணும். கிறிஸ்தவ விசுவாசம் இல்லாத பசங்களும் டீம்ல இருக்கலாம், வர்றதா வேண்டாமான்னு அவங்களே முடிவெடுக்கட்டும், வரலன்னா டீம்ல இடம் போயிடும்னு ஒரு பயம் கூட அவங்களுக்கு வரக்கூடாது. அங்க உள்ளூர் கிளப்போட மேட்ச் ஆடறதா பிளான் இருந்தா சங்க அனுமதி தேவையான்னு ரெண்டு பக்கமும் முன்னாடியே கேட்டுடுங்க, சில இடங்கள்ல வெளிநாட்டு டீம்னாலே தனி அனுமதி கேப்பாங்க.

5. பணம்

செலவுன்னதும் எல்லாரும் டிக்கெட்டை மட்டும்தான் யோசிக்கறாங்க. நீங்க உக்காந்து ஒரு தாள்ல எழுதுங்க: டிக்கெட், விசா கட்டணம், விசாவுக்காக வேற ஊர் போயிட்டு வர்ற செலவு, புது பாஸ்போர்ட் எடுக்கறவங்க செலவு, ஊசி, மலேரியா மாத்திரை, இன்சூரன்ஸ், போலீஸ் க்ளியரன்ஸ் (குற்ற வழக்கு எதுவும் இல்லன்னு போலீஸ் தர்ற சான்றிதழ்), கூடுதல் லக்கேஜ், அங்க வண்டி வாடகை, டிரைவர் சாப்பாடு, மொழிபெயர்ப்பாளருக்கு கொடுக்கறது, கிரவுண்டு வாடகை, பிள்ளைங்களுக்கு தண்ணி, நொறுக்குத் தீனி, பேங்க் கமிஷன், பணம் மாத்தறப்ப போற நஷ்டம். ஊசியும் லக்கேஜும்தான் எங்க கணக்கைக் கவுத்துச்சு, ரெண்டையும் நாங்க எழுதவே இல்ல. மொத்தத்துல 10 முதல் 15 சதவீதம் வரைக்கும் அவசரத்துக்குன்னு தனியா வைங்க, அதைத் தொடாம திரும்பி வந்தா நன்றி சொல்லி அந்த ஊர் கோச்கிட்ட அடுத்த வருஷப் பந்துக்கு கொடுத்துட்டு வாங்க.

அந்த மொழிபெயர்ப்பாளர், டிரைவர், சமைக்கறவங்க, இவங்களை “சபை ஆளுங்கதானே, அன்பா செய்வாங்க”ன்னு விட்டுடாதீங்க. அவங்க தங்களோட ஒரு வார கூலியை விட்டுட்டு நம்மகூட நிக்கறாங்க. உள்ளூர்ல என்ன கூலியோ அதை போதகர்கிட்ட கேட்டு பட்ஜெட்டுக்குள்ளயே வைங்க.

பணம் சேர்க்க ஒவ்வொரு வீரனும் ஸ்பான்சர் லெட்டர் எழுதறது வழக்கம். அதுல ஒரு வரி கட்டாயம் இருக்கணும்: நான் போக முடியாம போனாலும், தேவைக்கு மேல பணம் கிடைச்சாலும், இந்த காணிக்கை டீம் கணக்குக்குப் போகும், திருப்பித் தர இயலாது. இந்த வரி இல்லாததால அந்த ஏர்போர்ட் சம்பவத்துக்கு அப்புறம் எங்களுக்கு ரொம்ப சங்கடமாச்சு. பணம் யாரோட சொந்த அக்கவுன்ட்டுக்கும் வரக்கூடாது, காலேஜ் அல்லது சபை அக்கவுன்ட்டுக்கு வரட்டும், ரெண்டு பேர் கையெழுத்து போட்டாத்தான் எடுக்க முடியணும். காலக்கெடு எங்களுக்கு இப்படி வெச்சப்ப சரியா வந்துச்சு, 7 மாசம் முன்னாடி முதல் தவணையா கால் பங்கு, 4 மாசம் முன்னாடி பாதிக்கு மேல, 2 மாசம் முன்னாடி முழுசும். கடைசித் தேதியில முழுசா வராத பையனை அன்னிக்கே கூப்பிட்டுத் தனியா பேசுங்க, குரூப்ல பேர் போடாதீங்க. வீட்டு நிலைமை தெரியாம சொல்லிடுவோம், அந்தக் காயம் ஆறாது.

ரொக்கம் எடுத்துட்டுப் போறதுலயும் ஒரு வலை. பல நாடுகள்ல 10,000 டாலர், ஐரோப்பிய ஒன்றியத்துல 10,000 யூரோ அளவுக்கு இருந்தா எல்லையில அறிவிக்கணும். அறிவிக்காம தப்பிக்க ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சு பையில போட்டுக்கறது சில நாட்டுச் சட்டத்துல அதுவே ஒரு குத்தம். அறிவிச்சா அபராதம் ஒண்ணும் கிடையாது, ஒரு ஃபாரம்தான், தைரியமா எழுதிக் கொடுங்க.

6. டிக்கெட் (7 மாசம் முன்னாடி)

பொதுவா 10 பேருக்கு மேல இருந்தா ஏர்லைன்ஸ்ல குரூப் புக்கிங் கிடைக்கும். சின்ன அட்வான்ஸ் கட்டி இடத்தைப் பிடிச்சுட்டு பேரை அப்புறமா கொடுக்கலாம்ங்கறதுதான் இதுல பெரிய லாபம், விலை எப்பவும் குறைவா இருக்கும்னு சொல்ல முடியாது. எத்தனை பேர் குறைஞ்சா எவ்வளவு பிடிப்பாங்க, பேர் மாத்த கடைசித் தேதி என்ன, லக்கேஜ் எத்தனை பீஸ், இதை எழுத்துல வாங்குங்க. நடுவுல இறங்கற நாட்டுக்கு ட்ரான்சிட் விசா வேணுமான்னு ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனியா பாருங்க. தனித்தனி டிக்கெட்டா ரெண்டு ஏர்லைன்ஸ்ல எடுத்து ஒட்டிக்கறது மலிவா தெரியும், முதல் ஃப்ளைட் லேட்டானா 18 பேருக்கும் புது டிக்கெட் வாங்கணும், அந்த ரிஸ்க் வேண்டாம். போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே பயிற்சி வைக்காதீங்க, ஒரு நாள் சும்மா விடுங்க.

7. ஊசி, மாத்திரை, இன்சூரன்ஸ் (6 மாசம் முன்னாடி தொடங்கினா நிம்மதி)

ஹெபடைடிஸ் பி ஊசி போடாதவங்க இருந்தா அது வழக்கமா 3 டோஸ், 6 மாசம் இழுக்கும், அதனாலதான் இவ்வளவு சீக்கிரம் சொல்றேன். டைபாய்டு ஊசி கிளம்பறதுக்கு 2 வாரத்துக்கு முன்னாடியாவது போட்டாத்தான் வேலை செய்யும். கிரவுண்டுல விழுந்து எழறவங்க, டெட்டனஸ் போட்டு 10 வருஷம் ஆச்சான்னு பாருங்க. ஆப்பிரிக்காவுலயும் தென் அமெரிக்காவுலயும் சில நாடுகள் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாம உள்ள விடாது, அந்த நோய் இருக்கற நாட்டு ஏர்போர்ட்ல 12 மணி நேரத்துக்கு மேல காத்திருந்துட்டு வந்தாக்கூட சில நாடுகள் கேக்கும். மஞ்சள் அட்டைன்னு சொல்ற அந்த சான்றிதழ் ஊசி போட்ட 10-வது நாள்லருந்துதான் செல்லும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும், 2016 ஜூலையிலருந்து விதி அப்படி. எங்கள்ல ரெண்டு பேர் கிளம்பறதுக்கு 8 நாள் முன்னாடி போய் போட்டுட்டு வந்து நின்னாங்க, தேதியைப் பாத்ததும் அவங்களுக்கு அழுகையே வந்துடுச்சு. நல்லவேளை ரெண்டு பேரையும் 3 நாள் தள்ளி வேற டிக்கெட்ல அனுப்ப முடிஞ்சுது.

மலேரியா மாத்திரை டாக்டர் சொன்னதைத்தான் எடுக்கணும், ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வேற வேற. டாக்சிசைக்ளின்னா கிளம்பறதுக்கு 1, 2 நாள் முன்னாடி தொடங்கி திரும்பி வந்து 4 வாரம் வரைக்கும் தினமும், அடோவகுவோன் ப்ரோகுவானில்னா திரும்பி வந்து 7 நாள். டாக்சிசைக்ளின் எடுத்தா வெயில்ல தோல் சீக்கிரம் கன்றிப் போகும், நாள் பூரா கிரவுண்டுல நிக்கறவங்க இதை டாக்டர்கிட்ட சொல்லித்தான் முடிவு பண்ணணும். தெரு நாய்கள் கிரவுண்டுக்குள்ள வரும். கடிச்சா கீறினா உடனே சோப்பும் தண்ணியும் போட்டு 15 நிமிஷம் கழுவணும், அப்புறம் நேரா ஆஸ்பத்திரி, சாயங்காலம் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

வழக்கமா சாப்பிடற மாத்திரை இருந்தா டாக்டர் சீட்டோட, அதோட ஒரிஜினல் டப்பாவுல, கைப்பையில. கால் வலிக்கு வெச்சிருக்கற டிரமடால், இருமல் மருந்துல இருக்கற கோடீன் இதெல்லாம் சில நாடுகள்ல கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, எமிரேட்ஸ் அப்படி ஒரு நாடு. கவனச் சிதறலுக்கு கொடுக்கற ஆம்ஃபெட்டமின் மாத்திரையை ஜப்பானுக்குள்ள கொண்டு போகவே முடியாது.

இன்சூரன்ஸ் பேப்பர்ல “டீமா, போட்டியா நடத்தற விளையாட்டு சேராது”ன்னு ஒரு வரி சின்ன எழுத்துல இருக்கும், ஃபுட்பால் டீமுக்கு அந்த பாலிசி எடுத்து என்ன பிரயோஜனம். விளையாட்டுக் காயம், ஆம்புலன்ஸ் விமானம், யாராவது இறந்துட்டா உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர்ற செலவு, மூணும் இருக்கணும். அந்த கடைசி விஷயத்தைப் பெத்தவங்க முன்னாடி பேசறது கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா பேசித்தான் ஆகணும்.

8. பிள்ளைங்க பாதுகாப்பு

நம்ம பசங்க நல்லவங்கன்னு நமக்குத் தெரியும், அங்க இருக்கற தாய்க்கு எப்படித் தெரியும்? அதனால வர்ற ஒவ்வொருத்தருக்கும் போலீஸ் க்ளியரன்ஸ் எடுங்க, கோச், போதகர், போட்டோகிராஃபர் யாருக்கும் விலக்கு கிடையாது. இது வர சில வாரம் ஆகும். ரொம்ப சீக்கிரம் எடுத்தா பழசாயிடும், 3 அல்லது 6 மாசத்துக்குள்ள எடுத்தது வேணும்னு கேக்கற இடங்கள் உண்டு, அதனால 4 மாசம் முன்னாடி விண்ணப்பிக்கறது சரி.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு முழு நாள் உக்கார வெச்சு விதிகளைச் சொல்லி கையெழுத்து வாங்குங்க. எந்த பிள்ளையோடயும் தனியா இருக்கக்கூடாது, எப்பவும் ரெண்டு பெரியவங்க, மத்தவங்க கண்ணுல படற இடம். பிள்ளைங்களைத் தூக்கறது, மடியில வெச்சுக்கறது கூடாது, தோள்ல தட்டிக் கொடுங்க போதும். பிள்ளைங்களோட போன் நம்பர் வாங்கறது, இன்ஸ்டாகிராம்ல சேர்த்துக்கறது கூடாது. தனியா காசு கொடுக்கறது கூடாது, ஷூ கழட்டிக் கொடுக்கறதும் கூடாது, ஒருத்தனுக்குக் கொடுத்தா மத்த 39 பேர் முகத்தைப் பாக்க முடியாது. ஒரு பிள்ளை வீட்டுல அடி வாங்கறதாவோ வேற ஏதாவதோ சொன்னா பொறுமையா கேட்டுட்டு உள்ளூர் பொறுப்பாளர்கிட்ட சொல்லுங்க, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு மட்டும் வாக்கு கொடுக்காதீங்க.

போட்டோவுக்கு பெத்தவங்க அனுமதி அவங்க மொழியில எழுதி வாங்கணும். அனுமதி இருந்தாலும் பேரும் இடமும் போடாதீங்க. கிழிஞ்ச சட்டையை மட்டும் தேடிப் படம் எடுக்காதீங்க, அந்தப் பிள்ளை பெருசானப்புறம் அந்தப் படத்தைப் பாத்தா அதுக்கு என்ன தோணும்னு யோசிச்சுட்டு பட்டனை அழுத்துங்க.

விசுவாசம் பத்திப் பேசறதும் இதுலதான் வருது. சாட்சி சொல்ற நேரம், பாட்டு, ஜெபம் இதெல்லாம் இருக்கும்னு பெத்தவங்களுக்கு அனுமதிச் சீட்டுலயே எழுதிடுங்க, அது வேண்டாம்னு சொல்றவங்க பிள்ளை அந்த 15 நிமிஷம் இன்னொரு மூலையில பந்து ஆடட்டும், அதே ஜெர்சி, அதே சாப்பாடு. ஜெபம் பண்ணினாத்தான் பரிசுங்கற மாதிரி எதுவும் இருக்கவே கூடாது. பத்து வயசுப் பிள்ளை நம்மளைச் சந்தோஷப்படுத்தறதுக்காக எதுக்கும் கை தூக்கும், அதை எண்ணி ரிப்போர்ட்ல போட்டுக்கறதை நான் ஏத்துக்க மாட்டேன்.

9. பந்து, பை, கஸ்டம்ஸ்

8 வயசுக்குள்ள 3-ம் சைஸ் பந்து, 8 முதல் 12 வரை 4-ம் சைஸ், அதுக்கு மேல 5. நாங்க முதல்ல எல்லாத்தையும் 5-ஆ வாங்கிட்டுப் போய் குட்டிப் பசங்க கால் வலிக்க வலிக்க உதைச்சாங்க. 4-ம் சைஸ் பந்து ஒண்ணு 350 முதல் 390 கிராம், காத்தை இறக்கினா 40 பந்து 15 கிலோ சுமார், ஒரே பையில அடங்கிடும். பல ஏர்லைன்ஸ்ல ஒரு பைக்கு 23 கிலோ, நீளம் அகலம் உயரம் கூட்டினா 158 செ.மீ. பம்ப் ரெண்டு, ஊசி ஒரு டஜன், எல்லாம் செக்-இன் பையில போடுங்க, கைப்பையில வெச்சா செக்யூரிட்டியில பிடுங்கி வெச்சுக்க வாய்ப்பிருக்கு. பேட், ஹாக்கி ஸ்டிக் எடுத்துட்டுப் போற டீமும் அப்படியே. பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, அது கைப்பையிலதான் வரணும், 100 வாட் ஹவருக்குள்ள இருக்கணும், அதாவது கிட்டத்தட்ட 27,000 எம்ஏஎச்.

அன்பளிப்பா எடுத்துட்டுப் போற சாமான்தான் கஸ்டம்ஸ்ல மாட்டும். புதுப் பந்து 40, விலைச் சீட்டோட ஜெர்சி 60 பாத்தா வியாபாரச் சரக்குன்னு நினைப்பாங்க, எங்க ரெண்டு பையை 4 நாள் பிடிச்சு வெச்சுட்டாங்க, நாங்க முதல் மூணு நாள் கடன் வாங்கின 6 பந்தை வெச்சு ஓட்டினோம். சாமான் லிஸ்ட், மதிப்பு, வாங்கற சபையோட லெட்டர், இது விக்கறதுக்கில்லன்னு ஒரு வரி, இதெல்லாம் முன்கூட்டியே அனுப்பி அங்க கஸ்டம்ஸ்ல கேட்டு வெக்கச் சொல்லுங்க. திருப்பிக் கொண்டு வர்ற விலை உயர்ந்த சாமானுக்கு ஏடிஏ கார்னேன்னு ஒரு பேப்பர் எடுத்தா வரி கட்டாம கொண்டுபோய் ஒரு வருஷத்துக்குள்ள திருப்பலாம், ஆனா எல்லா நாடும் ஏத்துக்காது, அங்கயே கொடுத்துட்டு வர்ற சாமானுக்கு அது செல்லாது. பழைய ஷூ, பழைய துணி கொண்டு போகவே வேண்டாம், அதுக்குத் தடையோ அதிக வரியோ போட்டிருக்கற நாடுகள் இருக்கு. என் முடிவு, பாதிப் பந்தை அங்கயே கடையில வாங்குங்க, பிஞ்சா திரும்ப எங்க வாங்கறதுன்னு உள்ளூர் கோச்சுக்கும் தெரிஞ்சிருக்கும்.

10. கிரவுண்டுல

உள்ளூர் கோச்தான் தலைமை, நம்ம பசங்க உதவியாளர்கள், இதை முதல் நாளே பிள்ளைங்க முன்னாடி சொல்லிடுங்க. நம்மளைப் பாத்து அந்தப் பிள்ளைங்க தங்களோட கோச்சைக் குறைச்சு எடை போட்டுட்டா பத்து நாள் போய் வந்தது வீண். 8 முதல் 10 பிள்ளைக்கு ஒரு ஆள். வார்ம்அப்புக்கு 7 முதல் 13 வயசுக்காரங்களுக்குன்னே உருவாக்கின ஃபிஃபா 11 பிளஸ் கிட்ஸ் நல்லா இருக்கும், 7 பயிற்சி, 15, 20 நிமிஷத்துல முடியும், மொழியே தேவையில்ல, செஞ்சு காட்டினா போதும். நீளமா வரிசையில நிக்க வைக்காதீங்க, 4 பேருக்கு 4 பேர்னு சின்ன மேட்ச்சா பிரிச்சு விடுங்க. 10 வயசுக்குள்ள தலையால முட்டற பயிற்சி வேண்டாம், அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு 2015-லயே அந்த வயசுக்கு அதை நிறுத்திடுச்சு. 15, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல்ல தண்ணி. பேசறப்ப ஒவ்வொரு வாக்கியமா நிறுத்துங்க, மொழிபெயர்ப்பாளர் முகத்தைப் பாக்காம பிள்ளைங்க முகத்தைப் பாத்துப் பேசுங்க.

11. திரும்பி வந்தப்புறம்

30 நாளைக்குள்ள பில்லோட கணக்கு எழுதி காலேஜுக்கும் சபைக்கும் காணிக்கை கொடுத்தவங்களுக்கும் அனுப்புங்க, மீதி எவ்வளவு, அது எங்க போச்சுன்னு உட்பட. ரெண்டு மாசம் கழிச்சு அந்த ஊர் கோச்சுக்கு போன் போட்டு, என்ன சரியில்லன்னு கேளுங்க, உடனே கேட்டா மரியாதைக்கு எல்லாம் நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க. எங்ககிட்ட ரெண்டு மாசம் கழிச்சுத்தான் சொன்னார், அடுத்த தடவை பரீட்சை வாரத்துல வராதீங்க, பிள்ளைங்க படிக்காம உங்களைப் பாக்க வந்துட்டாங்கன்னு.

மலேரியா மாத்திரையை வீட்டுக்கு வந்ததும் நிறுத்திடுவாங்க, 4 வார மாத்திரைன்னா 4 வாரமும் தினம் காலையில குரூப்ல “போட்டாச்சா”ன்னு கேளுங்க. அதுக்கப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் யாருக்கு காய்ச்சல் வந்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட போய் எந்த நாட்டுக்குப் போயிட்டு வந்தோம்னு முதல் வார்த்தையா சொல்லணும், டாக்டர் கேக்கட்டும்னு காத்திருக்கக்கூடாது.